ஒரு சாண் தண்ணீர்

முதலில் பார்த்த படகு சிவப்பு. முகம் பார்க்கலாம் போல மினுக்கம்.
டூகல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
நான் சரளையில் மண்டியிட்டு அடிவயிற்றைப் பார்த்தேன்:
ஃபைபரில் முடியளவு விரிசல்,
மறைக்கப் பூசிய புது வெள்ளை.
போகலாம் என்றேன்.

அடுத்தது எங்கள் காரைவிட நீளம்.
அதை இழுக்க வேறு கார் வேண்டும்,
அந்தக் காரை நிறுத்த வேறு வீடு.

மூன்றாவது ஃபேர்லியில், ஒரு கம்பளிக் கொட்டகைக்குள்.
நாலரை மீட்டர் அலுமினியம், சாயமே இல்லை,
விலாவெல்லாம் நசுங்கல்.
பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்திருந்தது.
"குஞ்சு பொரிக்கும்வரை பொறுங்கள்,
ஐந்நூறு குறைக்கிறேன்" என்றாள் மோர்வென்னா.
பதினொரு நாள் பொறுத்தோம்.

ரங்கிடாட்டாவுக்கு நிலையான வழி கிடையாது.
வெள்ளத்துக்கு வெள்ளம்
பின்னலை அவிழ்த்து
வேறு மாதிரி பின்னிக்கொள்ளும்.
போன வாரம் ஆழமாய் இருந்த இழையில்
இந்த வாரம் கடற்புறா நடந்து போகிறது.
சுழலும் இலைகள் வெளியே நீட்டிய படகு
இங்கே ஒரு மணி நேரம் தாங்காது.
இது வேறு:
அடியிலிருக்கும் வாயால் ஆற்றைக் குடித்து
பின்னால் துப்பித் துப்பி ஓடுவது.
ஓடும்போது ஒரு சாண் தண்ணீர் போதும்.
நின்றால் போதாது.

முதல் ஓட்டத்தில்
நாங்கள் ஐந்து பேர், நாய் ஒன்று.
படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிப்
பின்புறத்தை இழுத்துக்கொண்டு
சேற்றில் எருமை போல நகர்ந்தது.
கரையிலிருந்த தூண்டில்காரர் எங்களை நடந்தே முந்தினார்.

அன்று ஆரம்பித்தது.

நொறுங்கிய ஸ்டேஷன் வேகனிலிருந்து
ஆறு சிலிண்டர் எஞ்சின்.
தமாட்டி இரண்டு சனிக்கிழமை வந்து வெல்டிங் செய்தான்,
கூலியாக எங்கள் உறைபெட்டியில் பாதி மானைக் கொண்டுபோனான்.
கூழாங்கல் கடித்துக் கடித்து
ஓரம் தேய்ந்த உள்சக்கரம்
டிமாருவுக்குப் போய்க் கூர்மையாகித் திரும்பியது.
அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தகடு, கல்மேல் வழுக்க.
இதுவரை எனக்கும் சம்மதம்.
பிறகு மெத்தை வைத்த இருக்கை,
பிறகு பனிக்கட்டிப் பெட்டி,
பிறகு பாட்டுக்கு நாலு ஸ்பீக்கர்,
ஸ்பீக்கருக்கு இரண்டாவது பேட்டரி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்,
அளக்காமல்தான் போட்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு.
படகு எழுந்தது! கண்ணாடிமேல் கை ஓடுவது போல
தண்ணீரைத் தொட்டும் தொடாமலும்.
சின்னவன் ஈவன் வாயைத் திறந்தான், காற்று மூடவில்லை.
வளைவு தாண்டியதும்
எதிரே ஆறு வெளுத்து, கல்லெல்லாம் தெரிந்தது.
"மெதுவாக்காதே" என்று தமாட்டி நூறு முறை சொல்லியிருந்தான்.
டூகலின் தலைக்கு அது தெரியும்.
கால் தானாக மேலே வந்துவிட்டது.

துப்பாத படகுக்குத் திசையும் கிடையாது.
மெல்ல, வெகு மரியாதையாக,
சரளைமேல் உட்கார்ந்தது.

முழங்கால்வரை பனி உருகிய நீர்.
தள்ளினோம். அசையவில்லை.
பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
ரொவீனாதான், ஒன்பது வயது, முதலில் பெட்டியை இறக்கினாள்.
யாரும் சொல்லவில்லை.
அடுத்து நான் ஸ்பீக்கர்களைப் பிடுங்கினேன்,
பேட்டரியை,
மெத்தையை.
டூகல் எதுவும் பேசாமல் நாயை இறக்கினான்.

இரண்டு விரல் அளவு எழுந்தது படகு.

எல்லோரும் கரையில் நிற்க நான் ஏறி உட்கார்ந்தேன்.
கல் தெரிகிற இடத்தில்தான் காலை அழுத்த வேண்டும்.
அழுத்தினேன்.
அடிவயிற்றில் கூழாங்கற்கள் பேசிய சத்தம்
இன்னும் பல்லில் இருக்கிறது.

ஸ்பீக்கர் டெமூக்காவில் விலை போனது.
சல்லடையில் சிக்கியிருந்த ஒரு கல்லை,
பச்சை, கட்டை விரல் அளவு,
ரொவீனா சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள்.
பில்கள் அதே ஜன்னலுக்குக் கீழே, இழுப்பறையில்.
கூட்டிப் பார்க்கவில்லை.
வெள்ளிக்கிழமை மழை என்கிறார்கள்.
ஆறு மறுபடி தலை பின்னும்.